கை நடுங்கலாம், கணக்கு நடுங்கக் கூடாது

தாதிய மாணவர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாதிய ஆசிரியை பதிலளிக்கிறார்

கேள்வி: மிஸ், நான் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், ஊர் மூதூர். வயல் வெட்டுக் காலத்தில் வாட்டுக்குப் பாம்புக்கடி ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். விஷமுறி ஏற்றும்போது அட்ரினலினைத் தயாராக வைக்கச் சொல்கிறார்கள். ஒரு அக்கா 0.25 என்கிறார், இன்னொருவர் 0.5 என்கிறார், புத்தகத்தில் 1 மி.கி. என்று இருக்கிறது. எது சரி? பிழையாகக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் நித்திரை வருவதில்லை.
– மாணவத் தாதி, திருகோணமலை

பதில்: மூன்றும் சரி, மகள். அதனால்தான் ஆபத்து.

விஷமுறி தொடங்குவதற்குச் சற்று முன் தோலுக்கடியில் போடுவது 0.25 மி.கி. ஏற்றிக்கொண்டிருக்கும்போது கடும் ஒவ்வாமை தாக்கினால், பெரியவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மி.கி. இதயம் நின்றுபோனவருக்கு, ஐதாக்கி, நாளத்தில் 1 மி.கி. மூன்றுக்கும் எடுப்பது ஒரே சின்னக் கண்ணாடிக் குப்பிதான். மூன்றாவதைத் துடிக்கும் இதயமுள்ள ஒருவரின் கனூலாவில் ஏற்றினால் இரத்த அழுத்தம் பாய்ந்து ஏறும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூளையில் இரத்தம் கசியவும் கூடும். ஆகவே அளவை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. நேரம், அளவு, வழி மூன்றையும் ஒன்றாகப் படியுங்கள்.

குழப்பத்துக்கு லேபலும் ஒரு காரணம். குப்பியில் 1:1000 என்று இருக்கும். ஆயிரம் மி.லீ.யில் ஒரு கிராம் என்று அர்த்தம், அதாவது ஒரு மி.லீ.யில் 1 மி.கி. 1:10,000 என்றால் ஒரு மி.லீ.யில் 0.1 மி.கி. மட்டுமே. இரவு இரண்டு மணிக்கு, பக்கத்தில் உறவுக்காரர் கத்திக்கொண்டு நிற்கும்போது சைபர்களை எண்ணுவது லேசான காரியமில்லை. அமெரிக்காவில் 2016 முதல் அட்ரினலின் லேபலில் இந்த விகிதத்தை எடுத்துவிட்டு, மி.லீ.க்கு எத்தனை மி.கி. என்று மட்டுமே அச்சிடுகிறார்கள். அந்த மாற்றம் இங்கே வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். யாராவது "அட்ரினலின் அரை போடு" என்றால், "0.5 மில்லிகிராம், தொடைத் தசையிலா?" என்று உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். ஆம் என்ற பதில் வரும்வரை ஊசி நோயாளியைத் தொடக் கூடாது. இதற்கு ஏசுகிற சீனியர் இருந்தால் ஏசட்டும்.

இன்னொன்று. நமது விஷமுறி குதிரையின் குருதியிலிருந்து இந்தியாவில் தயாராகி வருவது. ஒவ்வாமை அதில் அபூர்வமில்லை. இலங்கையில் 1,007 பாம்புக்கடி நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், 75 சதவீதமானோருக்கு ஏதோ ஒரு எதிர்விளைவு வந்தது, அவற்றில் 89 சதவீதம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள். முன்கூட்டியே கொடுத்த அந்தச் சிறிய அட்ரினலின், அந்த முதல் மணித்தியாலத்தில் கடும் எதிர்விளைவுகளை 43 சதவீதம் குறைத்தது. புரோமெதசின், ஹைட்ரோகோட்டிசோன் இரண்டும் தடுக்கவில்லை. ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பலன்கூட இல்லாமல் போனது. ஆனாலும் "ஹைட்ரோகோட்டிசோன் போட்டாச்சு, பார்ப்போம்" என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அதில்தான் கோபம். கடும் ஒவ்வாமையில் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

ஆகவே அந்த முதல் மணித்தியாலம் கட்டிலடியை விட்டு நகராதீர்கள். உடம்பு தடித்தல், இருமல், குரல் கம்முதல், வாந்தி, அழுத்தம் இறங்குதல் என எது தெரிந்தாலும் விஷமுறியை நிறுத்தி டொக்டரைக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து இருத்தலாம், எழும்பி நடக்க விடவே கூடாது. தொடையில் அட்ரினலின், ஒட்சிசன், சேலைன். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு தரம். தேறியதும் டொக்டர் விஷமுறியை மறுபடி தொடங்கச் சொல்வார். திகைக்க வேண்டாம். பாம்பின் விஷம் இன்னும் உடம்புக்குள்தானே இருக்கிறது? நீங்கள் மாணவி என்பதால் ஊசி போடுவது பொறுப்பான தாதியின் கண்முன் மட்டும். கவனித்துச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கேள்வி: சேருவில, கோமரங்கடவல பக்கத்து நோயாளிகளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் அரைகுறை. ஒவ்வாமை பற்றி எப்படிக் கேட்பது?
– மாணவத் தாதி, கிண்ணியா

பதில்: "பெஹெத் வலட்ட எலர்ஜி தியனவாத?" இந்த ஒரு வசனத்தை இன்றைக்கே பாடமாக்குங்கள். மொழி தெரிந்தாலும் பாதிப்பேர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் ஒவ்வாமை என்று தனியாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். தமிழ் ஆட்களிடமும் "ஊசி போட்டோ குளிசை குடிச்சோ எப்பவாவது உடம்பு தடிச்சதா, மூச்சு இழுத்ததா?" என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டுங்கள். ஆம் என்றால் பெட் ஹெட் டிக்கட்டின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள், உள்ளே எங்கோ ஒளித்து வைக்காமல். 2023 ஜூலையில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்குப் பிறகு ஒரு இளம் பெண் இறந்தது நாடெங்கும் பேச்சானது. அதற்குப் பிறகு சனங்களுக்கு ஊசி என்றாலே பயம். பொறுமையாகக் கேட்டால் அந்தப் பயமும் கொஞ்சம் தணியும்.

கேள்வி: நிறையப் பனடோல் விழுங்கிய ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஒன்றுமில்லை, வீட்டுக்கு விடுங்கள்" என்று தாய் அழுதார். விடலாமா?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: விடக் கூடாது. பரசிட்டமோல் முதல் நாள் எதையும் காட்டாது. ஈரல் பழுதாவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெரியவரும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை விழுங்கிய எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். ஆகவே எத்தனை மணிக்கு விழுங்கினாள் என்பதை நிமிடத்தோடு எழுதுங்கள். இந்த மருந்தின் முதல் பையிலும் உடம்பு சிவக்கலாம், மூச்சு இழுக்கலாம், பக்கத்தில் நில்லுங்கள்.

பொலிஸ் வரும் என்று பயந்து வீட்டார் அளவை மறைப்பார்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள், உண்மை வெளிவரும். வாட்டில் யாரும் அந்தப் பிள்ளையை ஏசக் கூடாது, சிற்றூழியர் உட்பட. தனியாக விடவும் கூடாது. உளநலப் பிரிவு பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பும் நாளில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, பிள்ளையிடம் ஒன்றும் தாயிடம் ஒன்றுமாகக் கொடுங்கள்.