விளையாடிய அறிவியலாளர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேலார்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வளர்ந்த சிறுவன் ஒருவன், அரை மைல் தொலைவில் இருந்த நண்பனின் வீட்டிற்குத் தந்தி அனுப்ப விரும்பினான். புதுக் கம்பியைத் தேடாமல், வழியில் இருந்த முள்வேலிக் கம்பியையே தந்திக் கம்பியாக்கினான். அச்சிறுவனே பிற்காலத்தில் ‘தகவல் கோட்பாட்டின் தந்தை’ எனப் போற்றப்பெற்ற கிளாட் ஷானன் (1916–2001).

தொலைபேசி நிலையங்களில் ‘ரிலே’ என்னும் மின் இணைப்பிகள் பயன்பட்டு வந்தன. அவை திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். இவ்விரு நிலைகளையும் பூலின் இயற்கணிதத்தால் விளக்கலாம் என்று ஷானன் தம் மாணவப் பருவத்து ஆய்வேட்டில் காட்டினார். கணினிச் சுற்றுகளின் வடிவமைப்பிற்கு அதுவே அடிப்படையாயிற்று. எத்தகைய செய்தியையும் ‘பிட்’ என்னும் அலகால் அளக்கலாம் என்பதை 1948ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்.

இத்தகைய பேரறிஞர், பெல் ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரங்களில் ஒற்றைச் சக்கர மிதிவண்டியில் உலா வந்தார். ரோமானிய எண்களில் கணக்கிடும் கருவியையும் தீ உமிழும் ஊதுகொம்பையும் உருவாக்கினார். மார்வின் மின்ஸ்கி கூறிய கருத்தைக் கொண்டு ஒரு பெட்டியும் செய்தார். அதன் விசையைத் தட்டினால் மூடி திறக்கும். உள்ளிருந்து ஒரு கை வெளிவந்து விசையை அணைத்துவிட்டு மறையும். அப்பெட்டியின் பணி அவ்வளவே!

1950ஆம் ஆண்டு அவர் ‘தீசியஸ்’ என்னும் இயந்திர எலியைப் படைத்தார். அதன் மின்கம்பி இணைப்புகளை அமைக்க அவருடைய மனைவி பெட்டி துணைநின்றார். இருபத்தைந்து கட்டங்கள் கொண்ட புதிர்வழியில் எலி சுவர்களில் முட்டி மோதி இலக்கை அடையும். மறுமுறை பிழையின்றி நேரே செல்லும். சுவர்களை இடம் மாற்றினால் புதிய வழியைக் கற்றுக்கொள்ளும். ஆயினும், நினைவாற்றல் எலியிடம் இல்லை. எலி ஒவ்வொரு கட்டத்தையும் விட்டு நீங்கிய திசையைக் கீழே மறைந்திருந்த ரிலேக்கள் பதிந்து வைத்தன. எலியைக் காந்தமே இழுத்துச் சென்றது. தொலைபேசிக்கு உரிய இணைப்பிகள், பட்டறிவால் கற்கும் இயந்திரத்திற்கு முன்னோடியாயின.

பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையிலும் அவர் தேர்ந்தவர். பந்து காற்றில் பறக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை வெறுமையாய் இருக்கும் நேரம் ஆகியவற்றைக் கைகளின் எண்ணிக்கையோடும் பந்துகளின் எண்ணிக்கையோடும் இணைக்கும் சமன்பாடு ஒன்றை வகுத்தார்.

‘இதனால் என்ன பயன்?’ என்னும் வினா நம்மில் பலரைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது. ஷானனோ, ‘இஃது எவ்வாறு இயங்குகிறது?’ என்றே முதலில் வினவினார். பெட்டி சிரிப்பை மட்டுமே தந்தது. எலியோ ஒரு புதிய துறைக்கு வழிகாட்டியது. எது எதைத் தரும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது. ஆதலால் விளையாட்டையும் அவர் ஆய்வுக்குரிய கவனத்தோடு செய்தார்.

சொற்பொருள்
உமிழும் – வெளிவிடும்
தாழ்வாரம் – கட்டடத்தின் நடைவழி
பட்டறிவு – அனுபவ அறிவு

வினாக்கள்
1. ரிலேயின் இரு நிலைகள் யாவை?
2. தீசியஸ் எலியின் நினைவாற்றல் எங்கே இருந்தது? விளக்குக.
3. பிரித்து எழுதுக: பேரறிஞர், சிற்றூர்.
4. பயன் கருதாமல் நீ ஆர்வத்தோடு செய்யும் செயல் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.