வானிலிருந்து எடுக்கும் படமும் வீட்டின் மறைவும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்)

சென்னைக்குத் தெற்கே உள்ள பரங்கிமலையை அறியாதார் இலர். ஆனால், நம் நாட்டை அளக்கும் பெரும்பணி அம்மலையின் அடிவாரத்தில் தொடங்கிற்று என்பதைப் பலர் அறியார். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் அளவையாளர் பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீளுமாதலால், நிழலிட்டு, வெப்பநிலையைக் குறித்து, பல வாரங்கள் அவ்வேலை நடந்தது.

இன்று அதே நிலப்பரப்பை ஆளில்லா வானூர்தி சில மணி நேரத்தில் படம் பிடித்து அளந்துவிடும். மக்கள் இதனை ‘ட்ரோன்’ என்றே வழங்குகின்றனர். தாம்பரத்துக்கு அருகிலுள்ள குரோம்பேட்டையில், 1949இல் சி. ராஜம் அவர்கள் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. இப்பொழுது அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகும். 2012இல் மதுரை மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளை ஆராய அங்கு உருவான வானூர்தி பயன்பட்டது. தமிழ்நாடு ஆளில்லா வானூர்திக் கழகத்தை மாநில அரசு 2022இல் நிறுவியது.

ஏரியின் கரையை அளக்க, ஆக்கிரமிப்பைக் கண்டறிய, வெள்ளம் சூழ்ந்த தெருக்களைக் காண, பயிரின் நிலையை அறிய இக்கருவி பெரிதும் உதவும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததைக் கண்டவர்களுக்கு, மேலிருந்து ஊரைப் பார்க்கும் கண்ணின் அருமை விளங்கும். ஆயினும், ஏரியைப் பார்க்கும் கண் வீட்டின் கொல்லையையும் பார்க்கும் அல்லவா? அளவையாளர்கள் உயரத்தில் நின்று தொலைநோக்கியால் நோக்கியபோது, ‘எங்கள் வீட்டுப் பெண்டிரைப் பார்க்கின்றனர்’ என்ற ஐயம் அக்காலத்திலேயே நாட்டின் பல இடங்களில் எழுந்தது. இன்றும் அவ்வையம் எழுகின்றது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வீண் அச்சம் என்பதைக் கணக்கிட்டு அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

புள்ளியும் கோலமும்

ட்ரோனில் உள்ள காமிரா எடுக்கும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இப்புள்ளியைப் ‘பிக்சல்’ என்பர். வாசலில் இடும் கோலத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து புள்ளி வைத்தால் ஒரு சிறு பூவைத்தான் போடலாம். இருபத்தொரு புள்ளி வைத்தால் தேரையே போட்டுவிடலாம். படத்திலும் அவ்வாறே. ஒரு பொருளின் மீது எத்தனை புள்ளிகள் விழுகின்றனவோ, அத்தனை நுட்பம்தான் தெரியும்.

ஆதலின், ‘இந்தக் காமிரா எத்தனை மெகாபிக்சல்?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘தரையில் ஒரு புள்ளி எத்தனை சென்டிமீட்டரை அடக்குகின்றது?’ என்று கேட்க வேண்டும். நில அளவையாளர் படத்தின் தரத்தை இவ்வளவாலேயே கூறுவர்.

அணுக்கிக் காட்டும் இரு வழிகள்

தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுவதை ‘ஜூம்’ என்கிறோம். இது இருவகைப்படும்.

முதலாவது, லென்ஸின் குவியத் தொலைவைக் கூட்டிப் பெரிதாக்குவது. இதில் காட்சியின் பரப்புக் குறுகும். குறுகிய பரப்பின் மீது அத்தனை புள்ளிகளும் விழும். ஆகவே, புதிய நுட்பங்கள் உண்மையாகவே தெரியவரும்.

இரண்டாவது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி, அதனைப் பெரிதாக்குவது. இதில் புதிய புள்ளி ஒன்றும் சேர்வதில்லை. ஐந்து புள்ளிக் கோலத்தைப் பெரிய வாசலில் இழுத்துப் போட்டது போல, உருவம் பெருக்குமே அன்றி நுட்பம் கூடாது. கடைகளில் ‘இத்தனை மடங்கு ஜூம்’ என்று விளம்பரம் செய்வதில் இவ்விரண்டும் கலந்திருப்பதுண்டு. வாங்குவோரும் வாடகைக்கு அமர்த்துவோரும், லென்ஸினால் எத்தனை மடங்கு என்று பிரித்துக் கேட்டறிதல் நலம்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

அளவைப் பணியில் பரவலாகப் பயன்பட்ட ஒரு வகைக் காமிராவை எடுத்துக்கொள்வோம். அதன் படத்தில் அகலவாக்கில் 5,472 புள்ளிகள் உள்ளன. உணரியின் அகலம் 13.2 மில்லிமீட்டர், லென்ஸின் குவியத் தொலைவு 8.8 மில்லிமீட்டர். 13.2ஐ 8.8ஆல் வகுத்தால் ஒன்றரை வரும். எனவே, பறக்கும் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமுள்ள நிலம் ஒரு படத்தில் அடங்கும்.

120 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 400 அடியில், படத்தின் அகலம் 180 மீட்டர், நீளம் 120 மீட்டர். பரப்பு 5 ஏக்கருக்குச் சற்று மிகும். 180 மீட்டரை 5,472ஆல் வகுத்தால், ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 3.3 சென்டிமீட்டர் ஆகும். 60 மீட்டர் உயரத்தில் இது 1.6 சென்டிமீட்டராகவும், 30 மீட்டர் உயரத்தில் 0.8 சென்டிமீட்டராகவும் குறையும்.

மனித முகத்தின் அகலத்தை 16 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 120 மீட்டர் உயரத்தில் ஜூம் இல்லாமல் எடுத்தால் முகத்தின் மீது ஐந்து புள்ளிகளே விழும். ஆள் நிற்பது தெரியும். இன்னார் என்று தெரியாது. 30 மீட்டரில் இருபது புள்ளிகள் விழும், பழகியவர் ஊகித்துவிடக்கூடும். கண்காணிப்புக் காமிராக்களுக்கான உலகத் தர அளவின்படி, அறிமுகமில்லாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, ஒரு மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும். அதாவது முகத்துக்கு நாற்பது புள்ளிகள்.

இனி, அதே 120 மீட்டர் உயரத்தில், அதே அளவு புள்ளிகளுடன், லென்ஸினால் எட்டு மடங்கு அணுக்குவோமாயின், முகத்தின் மீது ஏறத்தாழ நாற்பது புள்ளிகள் விழும். தரையில் இருப்பவருக்கு ட்ரோனின் ஒலி கூட நன்கு கேளாத உயரத்திலிருந்து முகத்தை அடையாளம் காணலாம் என்பது இதன் பொருள். ஆனால், அப்பொழுது 180 மீட்டர் அகலம் 22½ மீட்டராகக் குறுகும். ஐந்து ஏக்கர் தெரிந்த இடத்தில் ஒரு வீட்டுமனையே தெரியும்.

உறுப்பினர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதில் அடங்கியுள்ளது. ஊரை அளப்பதற்கு ஜூம் தேவையில்லை. ஒன்றன்மேல் ஒன்று பெரும்பகுதி பொருந்துமாறு பல படங்களை எடுத்து, அவற்றை இணைத்தே வரைபடம் ஆக்குகின்றனர். அவ்வேலைக்கு லென்ஸின் குவியத் தொலைவு மாறாதிருத்தல் வேண்டும். காமிராவும் பெரும்பாலும் நேர்கீழே நோக்கியிருக்கும். நேர்கீழே நோக்கும் காமிராவுக்கு மனிதரின் உச்சந்தலைதான் தெரியும். முகம் தெரிய வேண்டுமானால் காமிராவைச் சாய்க்க வேண்டும். ஆகவே, ‘நிலம் அளக்கிறோம்’ என்று வந்தவர், காமிராவைச் சாய்த்து ஜூம் செய்து ஓரிடத்தில் நிற்பாராயின், அவர் செய்வது நில அளவை அன்று.

மேல்நிலை நீர்த்தொட்டியின் வெடிப்பைப் பார்க்கவும், வெள்ளத்தில் சிக்கியவரைத் தேடவும் ஜூம் உதவும். அங்கும் காமிரா தொட்டியையும் வெள்ளத்தையும் நோக்க வேண்டுமே அன்றிப் பிறர் கொல்லையை அன்று.

படம் மங்குவது ஏன்?

புள்ளி மிகுந்தும் படம் தெளிவாக அமையாதிருப்பதுண்டு. ட்ரோன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும்போது, காமிராவின் கதவு நூறில் ஒரு நொடி திறந்திருந்தால், அதற்குள் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் இழுபட்டுத் தோன்றும். ஆயிரத்தில் ஒரு நொடியே திறந்திருந்தால் நகர்வு ஒரு சென்டிமீட்டராகக் குறையும். காலையிலும் மாலையிலும் நீண்ட நிழல் வரப்பை மறைக்கும். கடற்காற்றில் ட்ரோன் ஆடும்; ஜூம் எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு அவ்வாட்டமும் பெரிதாகத் தெரியும்.

வெப்பத்தைக் காட்டும் காமிரா சுவரை ஊடுருவி வீட்டுக்குள் இருப்பவரைக் காட்டிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது மெய்யன்று. அக்காமிரா சுவரின் மேற்பரப்பிலுள்ள வெப்பத்தையே காட்டும். ஆயினும், இருளில் திறந்தவெளியில் இருப்பவரை அது காட்டும் என்பதை மறத்தலாகாது.

கூரையில்லாத மறைப்பு

நம் சிற்றூர்களில் பல வீடுகளின் குளிப்பிடம் கொல்லைப்புறத்தில், கீற்றுத் தட்டியால் நாற்புறமும் மறைக்கப்பட்டு, மேலே கூரையின்றி உள்ளது. பக்கத்தில் நிற்பவர் பார்வையைத் தடுத்தால் போதும் என்றே நம் முன்னோர் அதனை அமைத்தனர். மேலிருந்து பார்க்கும் கண் ஒன்று வரும் என்று அவர்கள் எண்ணவில்லை. மாடி வீடு கட்டியவருக்குத் தாழிட்ட குளியலறை உண்டு; தட்டி மறைப்பில் குளிக்கும் ஏழைப் பெண்ணுக்கு அத்தட்டியைத் தவிர வேறு காப்பில்லை. ஆகவே, ட்ரோனால் வரும் தொல்லை எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. எளியவர் மீதே மிகுதியாக விழுகின்றது.

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டமையால், ‘மேலிருந்து பார்ப்பது புதிதா?’ என்று கேட்போர் உளர். மாடியில் நிற்பவரை நாமும் காண்கிறோம். இன்னார் என்று அறிந்து தட்டிக் கேட்கலாம். ட்ரோனை இயக்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கக்கூடும். அன்றியும், பார்த்தது பார்வையோடு போகாமல் படமாகத் தங்கி, பிறர் கைக்கும் செல்லக்கூடும்.

சட்டம் கூறுவது

1954லும் 1962லும் வந்த வழக்குகளில், தனிமறைவு அரசியலமைப்பு உறுதி செய்த உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அக்கருத்தை மாற்றி, அது அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஒருவருடைய மறைவான உடற்பகுதியை அவர் இசைவின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றமாகும். மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிறர் பார்வைபடாது என்று நம்பித் தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியன.

பறத்தலைப் பற்றிய விதிகள் 2021 ஆகஸ்டில் வெளியாயின. அவற்றின்படி வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் இசைவின்றிப் பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை இவ்வுயரம் 200 அடியாகக் குறையும். அதனினும் அண்மையில் இசைவு வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகருகே உள்ளமையால், நம் பகுதியில் ‘கலியாணத்துக்குத்தானே’ என்று எண்ணி ட்ரோனைப் பறக்கவிடுதல் கூடாது. தொழிலாக இயக்குவோர் இயக்குநர் சான்றும், ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் பெற்றிருத்தல் வேண்டும். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், பறக்கும் முன் நடப்பு விதியைக் கேட்டறிதல் முறை.

ஊராட்சி செய்யத்தக்கவை

2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வாமித்வா’ திட்டத்தில், பல மாநிலங்களின் ஊர்க் குடியிருப்புகள் ட்ரோனால் அளக்கப்பட்டன. அங்கு முதலில் ஊரைக் கூட்டிச் செய்தி சொல்வர். பிறகு மக்களே தத்தம் மனையின் எல்லையில் சுண்ணாம்புத் தூளால் கோடிடுவர். அதன் பின்னரே ட்ரோன் பறக்கும். வரைபடத்தை மக்களுக்குக் காட்டி மறுப்புகளையும் கேட்பர். அம்முறையைத் தழுவி நம் ஊராட்சிகளும் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. எப்பணிக்காக, எந்நாளில், எந்நேரத்தில் பறக்கும் என்பதைக் கிராம சபையில் கூறி, தண்டோராவாலும் ஒலிபெருக்கியாலும் அறிவித்தல். குளிக்கும் நேரமாகிய விடியற்காலையையும் அந்தியையும் தவிர்த்தல்.

2. ஒப்பந்தத்தில், ‘காமிரா நேர்கீழே நோக்குதல் வேண்டும்; ஜூம் கூடாது; குடியிருப்பின் மீது 60 மீட்டருக்குக் கீழே பறத்தல் கூடாது’ என எழுதுதல். 200 அடி வரம்புள்ள இடத்தில் 60 மீட்டரே உச்ச உயரமும் ஆகும் என்பதைக் கருதி, உயரத்தை முன்கூட்டியே முடிவு செய்தல்.

3. ஒரு புள்ளிக்கு எத்தனை சென்டிமீட்டர் தேவை என்பதைக் குறித்தல். ஏரிக்கரைக்கு ஐந்து சென்டிமீட்டர் போதுமாயின், ஒரு சென்டிமீட்டருக்குப் பணம் தருவானேன்?

4. படங்கள் யாரிடம் இருக்கும், எப்பொழுது அழிக்கப்படும் என்பதை எழுதி வாங்குதல்.

5. பறக்கும் நாளில் மகளிர் உறுப்பினர் ஒருவர் இயக்குநரின் அருகே இருந்து திரையைப் பார்த்தல்.

அறியாத ட்ரோன் ஒன்று வீட்டின்மேல் நின்றால் கல்லெறிதல் கூடாது. விழும் கருவி குழந்தையின் தலையில் விழலாம். நேரம், திசை, நின்ற இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.

ட்ரோன் வேண்டா என்று ஒதுக்கினால் ஏரியின் எல்லை தெரியாமற் போகும். கேள்வியின்றி ஏற்றால் கொல்லையின் மறைவு போகும். எத்தனை உயரம், எத்தனை சென்டிமீட்டர், எக்கோணம் என்று கேட்கத் தெரிந்த ஊராட்சி இரண்டையும் காத்துக்கொள்ளும்.

கூடிப் பேசுதற்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் கூரையில்லாத குளிப்பிடங்கள் எத்தனை? ட்ரோன் வருமுன் அவற்றுக்கு மேல்மறைப்பு அமைக்க ஊராட்சி என்ன உதவி செய்யலாம்?

2. மேற்கூறிய காமிராவை 90 மீட்டர் உயரத்தில் செலுத்தினால், ஒரு புள்ளி தரையில் எத்தனை சென்டிமீட்டரை அடக்கும்? (விடை: ஏறத்தாழ 2½.)

3. உங்கள் ஊராட்சியில் ட்ரோன் தேவைப்படும் பணிகள் யாவை? அவற்றுள் ஜூம் இன்றியமையாதது எது?