கியர்பாக்ஸை மறுபடி இறக்குமுன்

தம்பி, லாரி கிளட்சை வீட்டு வாசலிலேயே மாற்றி முடித்துவிட்டாய். ஆனால் பெடல் தொப்பென்று இறங்குகிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது. புதுப் பையன்கள் உடனே மறுபடி கியர்பாக்ஸைக் கழற்றத்தான் ஓடுவார்கள். பொறு.

1. முதலில் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைப் பார். இன்ஜின் நிற்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வை. ஒருவன் மேலே பெடலை மிதிக்க, நீ கீழிருந்து பார். ஃபோர்க் பக்கம் விரலை நீட்டாதே. ராடு அசையவே இல்லை, அல்லது கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் கோளாறு ஆயில் பாதையில். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். ராடு முழுசாக வந்தும் கியர் விழவில்லை என்றால்தான் கோளாறு உள்ளே.

2. ராடு வராததற்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். நாலு மிதி மிதித்ததும் பெடல் கெட்டியாகி, சற்று நேரத்தில் மறுபடி தளர்ந்தால் காற்று இருக்கிறது. ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல், நிப்பிளைத் திற, மூடு, அதன் பிறகே காலை எடுக்கச் சொல். மூடுமுன் காலை எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வரும். மேலே டப்பாவில் ஆயில் வற்றக் கூடாது. எத்தனை முறை எடுத்தாலும் தீரவில்லையா? ஸ்லேவைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாயா பார். நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும்; காற்று மேலேதான் நிற்கும்.

3. பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போய்விட்டது.

4. பிரேக் ஆயில் தவிர வேறெதையும் ஊற்றாதே. மூடியில் டாட் 3 என்றால் 3, டாட் 4 என்றால் 4. இன்ஜின் ஆயிலோ டீசலோ பட்டால் ரப்பர் உப்பிவிடும். திறந்து வைத்த பழைய டின்னும் ஆகாது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் ஈரத்துக்கா பஞ்சம்?

5. பெடலில் சிறிது ஆட்டம் விடு. இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பாது, சூடேறியதும் கிளட்ச் தானாக வழுக்கும், புது பிளேட் கருகும். வழுக்கும் நேரத்தில் நிப்பிளைத் தளர்த்து. ஃபோர்க் பின்வாங்கினால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது என்று பொருள்.

6. பெரிய லாரியில் ஏர் பூஸ்டர் இருந்தால், டேங்கில் காற்று ஏறும்வரை பெடலைக் குறை சொல்லாதே.

7. உள்ளே கோளாறு என்றால் காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்: பிளேட்டை முன்பின் மாற்றி வைத்தது, கியர்பாக்ஸின் எடையை ஷாஃப்டில் தொங்கவிட்டு பிளேட்டைக் கோணலாக்கியது, இறுகிப்போன பைலட் பேரிங், லைனரில் பட்ட கிரீஸ். கிரீஸ் பட்டால் வெட்டி வெட்டி இழுக்கும். மற்ற மூன்றிலும் கியர் விழாது. கழற்றும்போது தூசியை ஏர் விட்டு ஊதாதே. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

8. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை டாப் கியரில் ஓட்டிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லாதே. நாலுவழிச் சாலையில் கிளட்சுக்கு என்ன வேலை? விக்கிரவாண்டி டோல் வரிசையிலும், கரும்பு லோடோடு முண்டியம்பாக்கம் ஆலை வாசலில் நின்று நகரும்போதும்தான் அதன் யோக்கியதை தெரியும். அதற்கு முன் வாசலிலேயே ஐடிலில் மிதித்து, சில விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போட்டுப் பார். சத்தமில்லாமல் விழ வேண்டும்.

9. உள்ளேதான் கோளாறு என்று தெரிந்து, உன்னிடம் கியர்பாக்ஸ் ஜாக்கியும் இல்லையென்றால், வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போ. செங்கல் அடுக்கி, நெஞ்சில் தாங்கி இறக்கும் வேலை வேண்டாம்.