வீட்டில் கஞ்சாச் செடி: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

சரக்கை அறிந்தவனே அதை வாங்கவும் வல்லவன், விலக்கவும் வல்லவன். இது நம் தொழிலில் யாவரும் கண்ட உண்மை. விலக்க வேண்டிய சரக்குகளுள் ஒன்றைப் பற்றியே இந்த மாதப் பாடம் அமைகிறது.

கஞ்சாச் செடியை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதைப் பற்றிய பேச்சு இப்போது நம் இளைஞர்கள் காதில் அடிக்கடி விழுகிறது. எந்த விளக்கை வைப்பது, எந்தக் கிளையை வளைப்பது, என்ன உரம் போடுவது என்றெல்லாம் கைபேசியில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கும் பையன், "வாப்பா, நம் வீட்டில் கறிவேப்பிலை வளர்க்கிறோம், புதினா வளர்க்கிறோம். இதுவும் ஒரு செடிதானே? சயாமில் வீட்டுக்கு வீடு வளர்த்தார்களாமே?" என்று கேட்கிறான். "ஹராம், போடா" என்று ஒரு சொல்லில் அதட்டினால் அவன் வாய் அடங்கும், கேள்வி அடங்காது. அவனுக்குத் தக்க விடை சொல்ல நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

1. செடியின் இயல்பு

கஞ்சாவுக்கு ஸ்வீடன் தேசத்துத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயரிட்டார். 1785இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க், இந்தியாவிலிருந்து வந்த வகையை 'கன்னாபிஸ் இண்டிகா' என்று தனியே குறித்தார். மலாய் மொழியில் வழங்கும் 'கஞ்சா' என்ற பெயரும் இந்தியாவிலிருந்து வந்ததுதான்.

இஃது ஓராண்டுச் செடி. தண்டில் நார் உண்டு; அதைக் கொண்டு பழங்காலக் கப்பல்களுக்குக் கயிறும் பாய்த்துணியும் செய்தார்கள். விதையில் எண்ணெய் உண்டு. போதை இருப்பது பெரும்பாலும் பூவில். பனையிலும் பப்பாளியிலும் ஆண் வேறு, பெண் வேறாக இருப்பதுபோல இதிலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் பூவின் மேல் நுண்ணிய சுரப்பிகள் ஒருவகைப் பிசினைக் கசிகின்றன. அந்தப் பிசினில்தான் போதைப் பொருள் அடங்கியிருக்கிறது. இலையைப் பங்கு என்றும், பூவைக் கஞ்சா என்றும், பிசினைச் சரஸ் என்றும் வட இந்தியாவில் பிரித்து வழங்குவார்கள்.

போதை தரும் பொருளை இஸ்ரேல் நாட்டு இரசாயன அறிஞர்களான மெக்கூலம், கவோனி இருவரும் 1964இல் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அதைச் சுருக்கமாக டி.எச்.சி. என்பார்கள். சி.பி.டி. என்று மற்றொரு பொருளும் செடியில் உண்டு. அது போதை தருவதில்லை. இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சரக்கைப் பற்றிப் பேசும்போது வரும்.

2. பரிசோதனைகள் என்ன?

வீட்டில் வளர்ப்போர் செய்யும் பரிசோதனைகளில் முதன்மையானது வெளிச்சத்தைப் பற்றியது. பகற்பொழுது குறையும்போது இச்செடி பூக்கிறது என்பதை பிரான்சு தேசத்தில் தூர்ன்வா என்ற அறிஞர் 1912இல் ஆராய்ந்து எழுதினார். கனடா போன்ற குளிர்நாட்டில் வசந்தத்தில் முளைத்த செடி, கோடையின் நீண்ட பகலில் உயரமாக வளர்ந்து, பகல் சுருங்கத் தொடங்கியபின் பூக்கும். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு அருகில். ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. ஆகவே இங்கே வெறும் வெயிலில் வைத்த செடி வளருமுன்பே பூத்துவிடும். இதனால்தான் அறைக்குள் விளக்கு வைத்து, செடியை ஏமாற்றி, நீண்ட பகல் போலக் காட்டி வளர்க்கிறார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கேமரன் மலையில் செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கணக்குத்தான். செவ்வந்தியும் பகல் குறைந்தால் பூக்கும் செடி. மண் இல்லாமல் வேரை நீரில் விட்டுச் சத்து ஊட்டுவது, நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளைப் பெருக்குவது, கிளையை வளைத்துக் கட்டுவது, பதியன் எடுப்பது ஆகிய யாவும் தோட்டக்காரர் நெடுங்காலமாக அறிந்த வேலைகளே.

ஆனால் இந்தப் பரிசோதனைகளின் பலன் எங்கே போய் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வீரியமுள்ள செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கியதால் போதையின் அளவு ஏறியது. அமெரிக்காவில் அதிகாரிகள் கைப்பற்றிய கஞ்சாவைச் சோதித்தபோது, 1995இல் சராசரி 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014இல் 12 சதவீதமாயிற்று. அதாவது இருபது ஆண்டுகளுக்குள் மும்மடங்கு. "அந்தக் காலத்தில் பக்கீர்களும் சாமியார்களும் புகைக்கவில்லையா?" என்று கேட்போருக்கு இதுவே விடை. பெயர் பழைய பெயர். சரக்குப் பழைய சரக்கு அன்று. வீரியம் மிகுந்ததை நாள்தோறும் பழகுவோருக்குச் சித்தக் கலக்கம் உண்டாகும் அபாயம் அதிகம் என்றும், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் பருவத்தினருக்குக் கேடு அதிகம் என்றும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

3. நாட்டுக்கு நாடு சட்டம்

உருகுவே நாடு 2013இலும், கனடா 2018இலும், ஜெர்மனி 2024 ஏப்ரலிலும் வீட்டில் சில செடிகள் வளர்க்க அனுமதித்தன. கனடாவில் ஒரு வீட்டுக்கு 4 செடிகள்; ஜெர்மனியில் வயது வந்த ஒருவருக்கு 3 செடிகள். ஆனால் கனடாவிலேயே கியூபெக் மாநிலம் வீட்டு வளர்ப்பைத் தடுத்தது. அத்தடை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஒரே தேசத்துக்குள்ளேயே எல்லைக்கு எல்லை வேறுபாடு இருக்கிறது.

நமக்கு அருகிலுள்ளது சயாம் என்னும் தாய்லாந்து. அங்கே 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாச் செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 10 லட்சம் செடிகளை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்போவதாகச் சுகாதார அமைச்சரே அறிவித்தார். ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. சரக்குக் குவிந்தது, விலை சரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பூவை 20 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கலாகாது என்று கட்டுப்பாடு வந்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் பூவை விற்கக்கூடாது என்று ஆயிற்று. முதல் போட்டுக் கடை திறந்தவர்கள் மூன்றாண்டுக்குள் மூன்று விதமான சட்டங்களைப் பார்த்துவிட்டார்கள். எனவே "சயாமில் அனுமதி" என்று பையன் சொல்வது பாதிச் செய்தி.

இனி நம் நாடுகள். சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டப்படி, கஞ்சாச் செடி வளர்ப்பதற்கு 20 ஆண்டு வரை சிறை, அல்லது 40,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி செடி வளர்ப்போருக்கு ஆயுள் சிறையும் பிரம்படியும் உண்டு. 200 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். மரண தண்டனை கட்டாயம் என்பது 2023இல் நீக்கப்பட்டது. தண்டனையே நீங்கிவிடவில்லை, நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்று எண்ணவும் வேண்டாம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

4. மார்க்கம் சொல்வது

செடி என்ற அளவில் அது அல்லாஹ்வின் படைப்பு; நார் திரிப்பதில் குற்றமில்லை. அறிவை மயக்குவதற்காக உட்கொள்வதே விலக்கப்பட்டது. கஞ்சா மது அல்ல, திராட்சையில் வடித்ததுமல்ல என்று வாதாடுவோர் அக்காலத்திலும் இருந்தனர். அவர்களுக்கு விடையாகவே ஷாபிஈ மத்ஹபின் இமாம் ஸர்கஷீ, கஞ்சா ஹராம் என்பதைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். அவர் காலமானது கி.பி. 1392இல். இமாம் நவவீ அவர்களும் அது ஹராம் என்றே கூறினார்கள். ஆயினும் மதுவைப் போல அது நஜீஸ் அல்ல என்றும் பிரித்துக் காட்டினார்கள். நம் முன்னோர் பொருளை ஆராய்ந்து, பகுத்து, பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தகுதியுள்ள மருத்துவர், சட்டம் அனுமதித்த இடத்தில், நோய்க்கு மருந்தாகக் கொடுப்பது வேறு விஷயம். அதை ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. நம் கடைக்கு எங்கே வந்து தொடும்?

"நாம் வளர்க்கவில்லை, விற்கவில்லை, நமக்கு என்ன?" என்று எண்ணலாகாது. நான்கு வழியாக அது நம் வாசலுக்கு வரும்.

முதலாவது, சரக்கு. தாய்லாந்திலிருந்து வரும் பிஸ்கட், மிட்டாய், பானம், தைலம் ஆகியவற்றில் இலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். டி.எச்.சி., சி.பி.டி. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சி.பி.டி. போதை தராததாயினும் சிங்கப்பூரில் அதுவும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உறையில் அந்நிய மொழி இருந்து விளங்காவிட்டால், விளங்கும்வரை அலமாரியில் ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது, அறை. கடைக்கு மேல்மாடியில் அறை வாடகைக்கு விடுவது நம்மவர் வழக்கம். ஜன்னலை எந்நேரமும் கறுப்புத் துணியால் மூடியிருப்பது, ஆள் குறைவாக இருந்தும் மின்சாரக் கட்டணம் ஏறுவது, இரவு பகல் ஓயாத காற்றாடிச் சத்தம், காரமான பச்சிலை வாடை ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால் சும்மா இருக்கக்கூடாது. காவல் துறைக்கு அறிவிப்பதே முறை.

இங்கே நம்மவர் பலர் அறியாத ஒன்று உண்டு. சிங்கப்பூர்ச் சட்டப்படி, போதைப்பொருள் அகப்பட்ட இடத்தின் சாவி யாரிடம் இருந்ததோ, அவரே அப்பொருளை வைத்திருந்தவர் என்று அனுமானிக்கப்படுவார். "இல்லை" என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும். நம்மில் ஒவ்வொருவர் இடுப்பிலும் எத்தனை சாவிகள்! கடைச் சாவி, கிடங்குச் சாவி, மாடியறைச் சாவி. சிப்பந்தியின் பெட்டிச் சாவியைக்கூட நம்பிக்கையின் பேரில் வாங்கி வைத்துக்கொள்கிறோம். இனி எந்தச் சாவியை வாங்கினாலும், அது திறக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, பயணம். ஹட்யாய்க்கும் பாங்காக்குக்கும் சரக்கெடுக்கப் போகிறவர்கள் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும், சிங்கப்பூரில் உட்கொண்டதாகவே சட்டம் கருதும். துணைக்குப் போகும் பையனுக்கு இதை ஏறுமுன்பே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, பிறர் பொட்டலம். "காக்கா, இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்று யார் நீட்டினாலும், எதிரே பிரித்துக் காட்டாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். மனம் கோணுமே என்று தயங்க வேண்டாம். கோணிய மனத்தைப் பிறகு நேராக்கிக்கொள்ளலாம்.

6. பரிசோதனை ஆசைக்கு வழி

செடி வளர்த்துப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை. அதை முறிக்க வேண்டாம். பையன் கைபேசியில் பார்த்த விளக்கு, நீர்த்தொட்டி, சத்துநீர், பதியன் முதலிய கலைகள் அனைத்தும் கீரைக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் அப்படியே பொருந்தும். பின்கட்டில் ஒரு தட்டு வைத்து, தண்டங்கீரையை மண்ணிலும் நீரிலும் தனித்தனியே வளர்த்து, எது முந்துகிறது, எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று அவனையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். விளைந்ததைக் கடை வாசலில் அவனே விற்கட்டும். அந்தக் கலையும் கணக்கும் பிற்காலத்தில் அவனுக்குச் சோறு போடும். மற்றதில் ஒரு செடிக்கு இருபது வருடம் போய்விடும்.

பிள்ளைகளிடமும் சிப்பந்திகளிடமும் கேட்பதற்குச் சில கேள்விகள்:

1. பகல் நீளத்துக்கும் கஞ்சாச் செடி பூப்பதற்கும் என்ன தொடர்பு? செவ்வந்தித் தோட்டத்தில் இரவில் ஏன் விளக்கு எரிகிறது?

2. தாய்லாந்தில் 2022க்கும் 2025க்கும் இடையே சட்டம் எவ்வாறு மாறியது?

3. கஞ்சாவைப் பற்றி இமாம் நவவீ அவர்கள் பிரித்துக் காட்டியது யாது?

4. உன் கையில் இப்போது எத்தனை சாவிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றும் எதைத் திறக்கும், அதற்குள் என்ன இருக்கிறது?

நான்காவது கேள்வியை முதலாளிகள் முதலில் தங்களுக்கே கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.