தோற்காதவர்தான் பெரியவரா?

49 குத்துச்சண்டையிலும் ஜெயித்த ராக்கி மார்சியானோவா, ஐந்து முறை தோற்ற முகமது அலியா, யார் பெரிய சாம்பியன்? இதனால் நண்பனோடு பேச்சே நின்றுவிட்டது!

முதலில் நண்பருக்குப் போன் போடுங்கள். பிறகு, இருவரும் யாரை, எந்த நிலையில் வென்றார்கள் என்று பாருங்கள். மார்சியானோ 1951-ல் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு வயது 37. ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவர். அலி 1974-ல் கின்ஷாசாவில் சாய்த்த ஜார்ஜ் ஃபோர்மனுக்கோ 25 வயது. அதுவரை 40 சண்டையிலும் தோற்காதவர். அலியைத் தோற்கடித்த ஃப்ரேசியர், நார்ட்டன் இருவரையும் இரண்டிரண்டு ரவுண்டில் சுருட்டியவர். கயிற்றில் சாய்ந்தபடி குத்து வாங்கியே அவரைக் களைக்கவைத்து, எட்டாவது ரவுண்டில் கதையை முடித்தார் அலி. அப்போது அலிக்கு 32. மார்சியானோ ஓய்வு பெற்றதும் அதே வயதில்தான்! என் ஓட்டு அலிக்கே.

உங்கள் நண்பர், குத்துச்சண்டை வீரர் மேவெதரின் 50-0 கணக்கை எடுத்தால், ஐம்பதாவதாகத் தோற்ற மெக்ரிகருக்கு அதுதான் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை என்று சொல்லிவையுங்கள்.