புயல் காலமும் நம் பொறுப்பும்



ஐப்பசியும் கார்த்திகையும் நம் கடற்கரை ஊர்களுக்கு மழை மாதங்கள். குளம் நிரம்பி, கிணற்று நீர் இனித்து, வயல் பசுமை காண்பது அல்லாஹ்வின் ரஹ்மத்தான இந்த வடகிழக்குப் பருவமழையால்தான். வங்கக் கடலில் புயல்கள் அதிகம் உருவாவதும் இதே மாதங்களில்தான். எனவே புயல் என்றால் என்ன, எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது, அந்த நேரத்தில் மார்க்கம் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

புயல் உருவாகும் விதம்

கடலின் மேல்மட்ட நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும்போது ஈரக்காற்று பெருமளவில் மேலெழுகிறது. அதனால் கீழே காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள காற்று விரைகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து சுழல்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள நம் பகுதியில் இந்தச் சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இருக்கும். சூடான கடல்நீரே புயலுக்கு உணவு. கரையேறியதும் அது வலுவிழப்பது அதனால்தான்.

அட்லாண்டிக் கடலில் இதை ஹரிக்கேன் என்கிறார்கள். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை ஒரே பருவம். நமது கடலிலோ கோடையின் கடைசியில் ஒன்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்றுமாக இரண்டு பருவங்கள். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் வானிலை ஆய்வுத்துறை அதைப் புயல் என்று அறிவிக்கும். அதற்குக் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம். 89-ஐ எட்டினால் தீவிரப் புயல், 118-ஐ எட்டினால் அதி தீவிரப் புயல். ஆனால், தாழ்வு மண்டலம்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. காற்று குறைவாக இருந்தாலும் ஊரையே மூழ்கடிக்கும் மழையை அதுவும் தரும்.

காற்றைவிட நீரே கொடியது

புயல் என்றதும் நாம் கூரையையும் மரங்களையும் நினைக்கிறோம். உலகில் புயல்களால் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது நீர்தான். புயல் கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து கரையேற்றுகிறது. வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்து, புனல்போல ஒடுங்கியிருப்பதால் அங்கே நீர் இன்னும் உயரமாக எழுகிறது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் சில லட்சம் மக்கள் மாண்டனர். நம் பக்கத்தில் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலும் அதில் போயிற்று.

அதே வங்கதேசம் பின்னர் கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. கிராமந்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்து, வீடு வீடாகச் சென்று எச்சரிக்கச் செய்தது. 2020-ல் அம்பான் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். கடல் மாறிவிடவில்லை. மக்கள் எச்சரிக்கையைக் கேட்டு நடந்தார்கள்.

கூண்டு எண் சொல்வது என்ன?

"மூன்றாம் எண் கூண்டுதானே" என்றும் "பத்து ஏற்றிவிட்டார்கள்" என்றும் பேசிக்கொள்கிறோம். அதன் பொருளை அறிந்தவர்கள் குறைவு. 1, 2 ஆகியவை தொலைவில் கடலில் உள்ள புயல்சின்னத்தைப் பற்றிக் கப்பல்களுக்குச் சொல்பவை. 3, 4 என்றால் அந்தத் துறைமுகத்திலேயே மோசமான வானிலைக்கு வாய்ப்பு உண்டு. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது.

இதில் இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். முதலாவது, கூண்டு எண் புயலுக்கு உரியதல்ல, அந்தத் துறைமுகத்துக்கு உரியது. ஒரே புயலுக்கு ஓர் ஊரில் 3-ம், இன்னோர் ஊரில் 10-ம் ஏற்றப்படலாம். இரண்டாவது, 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு ஆபத்தையே குறிக்கின்றன. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மேலாகவே கடக்குமா என்பதுதான் வேறுபாடு. எனவே 8-ஐப் பார்த்து, "இன்னும் பத்து ஆகவில்லையே" என்று காத்திருப்பது தவறு.

"போன தடவையும் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. புயல் கரையை நெருங்கும்போதும் திசை மாறக்கூடியது. 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டுமானால் பல ஊர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அதில் நம் ஊர் தப்பினால் அதற்கு ஷுக்ர் செய்வோம். அடுத்த எச்சரிக்கையை ஒதுக்க அதைக் காரணமாக்க வேண்டாம்.

கடலுக்குச் சென்றவர்கள்

2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கி சில மணி நேரங்களில் புயலாக வலுத்தது. அதற்குமுன் பல நாள் தங்கல் தொழிலுக்காக ஆழ்கடலுக்குச் சென்றிருந்த படகுகளுக்குக் கைப்பேசிக் கோபுரம் எட்டவில்லை, செய்தியும் போய்ச் சேரவில்லை. பல குடும்பங்களுக்கு ஜனாஸாவோ அடக்கமோ காணும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. கரைக்குச் செய்தி வந்த பிறகு கடலில் இறங்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் கடனும் பசியும் நிற்கின்றன. வலைக்கு வாங்கிய கடன், டீசலுக்கு வாங்கிய முன்பணம், வீட்டில் அடுப்பு. "கடலுக்குப் போகாதே" என்று சொல்வது எளிது. போகாத அந்த நான்கைந்து நாளும் அடுப்பு எரிய வழி செய்வது ஜமாஅத்தின் கடமை. ஒவ்வொரு மஹல்லாவும் மழைக்காலத்துக்கு முன்பே இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாம். ஜகாத் பெறத் தகுதியானவர்களுக்கு அதிலிருந்தும், மாற்று மத அண்டை வீட்டார் உட்பட மற்றவர்களுக்கு ஸதக்காவிலிருந்தும் அரிசி, பருப்பு, எண்ணெய் வழங்கலாம்.

மார்க்கம் காட்டும் வழி

நம் மரக்காயர் முன்னோர்கள் கப்பலோட்டியவர்கள். அரபு மாலுமிகள் கடற்பயணத்துக்குரிய பருவத்தை மவ்ஸிம் என்றனர். ஆங்கிலத்தில் மான்சூன் என்ற சொல் அதிலிருந்தே வந்தது. 15-ம் நூற்றாண்டின் பெரும் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாட்களில் புறப்படலாம், எப்போது கடல் மூடிக்கிடக்கும் என்பதையெல்லாம் நூலாகவே எழுதிவைத்தார். கடலை நன்கு அறிந்தவர்கள் எப்போது போகக் கூடாது என்பதையும் அறிந்திருந்தார்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் உள்ளது. கடும் மழையின்போது மக்கள் தங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளலாம் என்று பாங்குடன் அறிவிக்கச் செய்ததும் அவர்களுடைய வழிமுறையே. ஜமாஅத் தொழுகையிலேயே இந்தச் சலுகை உண்டென்றால், வீட்டுச் சாமான்களுக்காக உயிரைப் பணயம் வைக்க நமக்கு ஏது அனுமதி? உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று.

வீடுதோறும் செய்ய வேண்டியவை

• ஆதார், குடும்ப அட்டை, பத்திரங்கள், பாஸ்போர்ட் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு எடுத்துவையுங்கள். பிறர் கொடுத்துவைத்த அமானிதப் பொருளையும் மறக்க வேண்டாம்.

• குடிநீர், மருந்து, டார்ச், பேட்டரி வானொலி, மூன்று நாளைக்கான உலர் உணவு கைவசம் இருக்கட்டும்.

• வெளியேறச் சொன்னால் பகலிலேயே கிளம்புங்கள். முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகளை முதலில் அனுப்புங்கள். முகாமில் தனி இடம் இருக்குமோ என்ற தயக்கத்தால் பெண்கள் வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது. பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகள் பெண்களுக்கான தனி இடத்தையும் கழிப்பறையையும் முன்கூட்டியே ஒதுக்கி, அதைக் குத்பாவிலும் அறிவிக்க வேண்டும்.

• காற்று திடீரென அடங்கினால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும்.

• அறுந்து கிடக்கும் மின்கம்பி அருகே போகாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

• கைப்பேசியில் வரும் வதந்திகளைப் பரப்பாதீர்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் படை 1554. இவற்றை அடுப்பங்கரைச் சுவரில் எழுதிவையுங்கள்.

கருமேகத்தையும் பலத்த காற்றையும் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்தாரை அழித்ததும் காற்றுதான் என்ற அச்சமே அதற்குக் காரணம். அவர்கள் காற்றைத் திட்ட வேண்டாம் என்று தடுத்தார்கள், அதன் நன்மையைக் கேட்டு, தீமையிலிருந்து பாதுகாப்புத் தேடச் சொன்னார்கள். நாமும் அவ்வாறே துஆச் செய்வோம், செய்ய வேண்டியதையும் செய்துவிட்டு. இந்த மழைக்காலத்தை நம் ஊருக்கும் கடலில் உழைப்போருக்கும் அல்லாஹ் பரக்கத்தாக ஆக்குவானாக. ஆமீன்.