பாதை தெரியாமல் ரயில் ஓட்டலாமா?

வெள்ளறடை சுற்றுவட்டாரத்தில் வாழும் நமக்கு ரயில் ஏறும் இடம் பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரை. இவ்வழியே செல்லும் திருவனந்தபுரம் - கன்னியாகுமரிப் பாதை 1979-ல் திறக்கப்பட்டது. "எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர் எந்தப் பாதையிலும் ஓட்டலாமே?" என்று பலர் கேட்பதுண்டு. கூடாது என்பதே ரயில்வே விதி. காரணத்தைப் பார்ப்போம்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. பிரேக் போட்ட பிறகு அது நிற்க ஒரு கிலோமீட்டர் வரை ஆகலாம். ஆகவே வளைவைக் கண்டபின் வேகத்தைக் குறைக்க நினைத்தால் காலம் கடந்துவிடும். வளைவு எங்கே வரும் என்பது ஓட்டுநருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்காகவே 'ரோடு லேர்னிங்' என்ற பயிற்சி உள்ளது. புதிய பகுதிக்கு வரும் லோகோ பைலட், அப்பகுதி அறிந்தவருடன் எஞ்சினில் சென்று கீழ்க்கண்டவற்றை மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

1. ஒவ்வொரு நிலையத்தின் சிக்னல்களும் அவை நிற்கும் இடமும்.
2. ஏற்ற இறக்கங்கள், வளைவுகள், வேகக் கட்டுப்பாடுகள்.
3. லெவல் கிராசிங்குகள், பாலங்கள், மண் சரியக்கூடிய வெட்டுப் பாதைகள்.

பகலில் தெரியும் அடையாளம் இரவில் தெரியாது. எனவே இரவுப் பயணமும் அவசியம். பாதையை அறிந்துகொண்டேன் என்று அவர் கையொப்பமிட்டுத் தந்த பின்னரே பொறுப்பேற்க முடியும். சில மாதங்கள் அப்பக்கம் ஓட்டாதிருந்தால் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் குறை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2017 டிசம்பர் 18 அன்று, வாஷிங்டன் மாநிலத்தில் புதிய மாற்றுப் பாதையில் ஆம்டிராக் நிறுவனத்தின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. டூபான்ட் என்னும் இடத்தில் 48 கி.மீ. வேகமே அனுமதிக்கப்பட்ட வளைவில் அது சுமார் 125 கி.மீ. வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது. பெட்டிகள் கீழே நெடுஞ்சாலையில் விழுந்தன. மூன்று பயணிகள் இறந்தனர். வளைவு உண்டென்று ஓட்டுநருக்குத் தெரியும். ஆனால் தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. பாதையிலும் புதிய எஞ்சினிலும் அவருக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்று விசாரணை கூறியது. வேகம் மீறினால் தானே பிரேக் போடும் கருவி அப்பாதையில் அன்று இயக்கப்பட்டிருக்கவில்லை.

நம் நாட்டில் 'கவச்' கருவி இப்பணியைச் செய்யும். ஆயினும் கருவி வந்துவிட்டதென்று பயிற்சியைக் குறைக்கக் கூடாது. 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து ரயில்கள் தடைப்பட்டதை நாம் அறிவோம். மழைக்காலத்தில் எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பதைப் பழகிய ஓட்டுநரே அறிவார்.

வேறு வழியில் திருப்பிவிடப்பட்ட ரயில், அவ்வழி அறிந்த ஓட்டுநருக்காகச் சில நேரம் காத்து நிற்கும். அப்போது நாம் முணுமுணுக்க வேண்டாம். அந்தத் தாமதம் நம் உயிருக்காகவே. ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்து உதவி லோகோ பைலட் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளும் ஒன்றை மனத்தில் கொள்ளட்டும்: பாதை முழுதும் விளங்காதவரை அந்தக் கையொப்பத்தை இடாதீர்கள். பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.